கறுப்புத் தட்டும் வண்ணத் தட்டும்

இசைத்தட்டு என்றதும் நம் வயதுக்காரர்களின் கண்முன் வருவது கறுப்பு நிறம்தான். நடுவில் வட்டமாக ஒரு சீட்டு, அதில் குழாயின் முன் உட்கார்ந்து கேட்கும் நாய், சுற்றிலும் மை போன்ற பளபளப்பு. இன்று அப்படி இல்லை. சிவப்பு, நீலம், கண்ணாடி போல் ஊடுருவித் தெரிவது, ஹோலியன்று தெருவில் நடந்து வந்தவரின் சட்டை போல் சாயம் தெறித்தது என்று விதவிதமான தட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஆல்பத்தை எடுத்துப் புது நிறத்தில் அழுத்தி, மறுபதிப்பு என்று விற்கிறார்கள். கையிலிருக்கும் போனில் காசில்லாமல் கேட்கக் கூடிய பாட்டை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள்.

இது வெறும் மோகமா, இல்லை இதில் ஏதாவது பொருள் உண்டா? புனேயில் வேலை பார்க்கும் என் மகன் அப்படி ஒரு தட்டை வாங்கி வைத்திருப்பதால் நானும் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். அவன் வாங்கியது 'டிராவலிங் வில்பரீஸ்' என்ற ராக் இசைக் குழுவின் முதல் ஆல்பம். 1988-ல் வெளியானது. அதன் முப்பதாவது ஆண்டை ஒட்டி 2018-ல் வந்த சிறப்புப் பதிப்பு, தட்டின் முகத்திலேயே வண்ணப் படம் பதித்தது. "கர்நாடக சங்கீதம் கேட்கிற மனுஷனுக்கு இங்கிலீஷ் ராக் பற்றி என்ன தெரியும்?" என்று சில அன்பர்கள் சிரிக்கலாம். கரக்பூர் ரயில்வே காலனியில் இருபது வருஷம் குடியிருந்தவனுக்கு எல்லா சங்கீதமும் சுவர் தாண்டி வந்து காதில் விழும்.

ஐந்து பெரியவர்கள், ஐந்து பொய்ப் பெயர்கள்

ஏற்கெனவே தனித்தனியாகப் பேர் பெற்ற கலைஞர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவை ராக் உலகில் 'சூப்பர் குரூப்' என்பார்கள். இத்தகைய குழுக்களுக்கு ஆயுள் குறைவு. 1966-ல் தொடங்கிய 'கிரீம்' 1968-ல் கலைந்தது. 1969-ல் வந்த 'பிளைண்ட் ஃபெயித்' அந்த வருஷத்தைக்கூடத் தாண்டவில்லை. யார் பெரியவர் என்ற கேள்வி வந்துவிட்டால் மேடை தாங்காது. சங்க நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வில்பரீஸ் குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன்; பின்னாளில், 2016-ல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன்; மற்ற எல்லோருக்கும் மூத்தவரான ராய் ஆர்பிசன்; டாம் பெட்டி; எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவின் ஜெஃப் லின். இந்த ஐந்து பேரும் திட்டம் போட்டுச் சேரவில்லை. ஹாரிசனின் ஒரு தட்டுக்குப் பின்பக்கப் பாட்டு ஒன்று தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் டிலன் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்த சிறிய ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தார்கள். ஹாரிசனின் கிதார் பெட்டி வீட்டில் இருந்தது. எடுக்கப் போனவர் அவரையும் கூடவே அழைத்து வந்துவிட்டார். பாட்டுக்குத் தலைப்பு தேடியபோது கொட்டகையில் கிடந்த பெட்டி ஒன்றின் மேல் 'ஹேண்டில் வித் கேர்' என்று அச்சடித்திருந்தது. அதையே தலைப்பாக வைத்தார்கள். நம் பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமான் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்குமே, 'பத்திரமாகக் கையாளவும்' என்று, அதே வாசகம்தான்.

பாட்டைக் கேட்ட கம்பெனிக்காரர்கள், இதைப் பின்பக்கத்தில் போட்டு வீணாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பாட்டுக்காகக் கூடியவர்கள் முழு ஆல்பமே செய்வது என்று ஆயிற்று. ஆர்பிசனை முறையாகக் கேட்க வேண்டுமே என்று ஹாரிசனும் லின்னும் பெட்டியும் அவர் கச்சேரி நடந்த அனஹைம் ஊருக்கே காரில் போய் அழைத்தார்கள். மூத்த வித்வானை வீடு தேடிப் போய்க் கூப்பிடுவது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. டிலனுக்குச் சுற்றுப்பயணம் காத்திருந்தது. ஆகவே 1988 மே மாதத்தில் பத்து நாட்களுக்குள் பாட்டுகளுக்கு உருக் கொடுத்து, பிறகு இங்கிலாந்தில் ஹாரிசன் வீட்டு ஸ்டூடியோவில் மெருகேற்றினார்கள்.

எனக்குப் பிடித்தது இனிமேல் சொல்லப்போவதுதான். ஆல்பத்தின் உறையில் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் இல்லை. எல்லோரும் வில்பரி என்ற ஒரே வீட்டுச் சகோதரர்கள் என்று கற்பனை: நெல்சன் வில்பரி, ஓட்டிஸ் வில்பரி, லெஃப்டி வில்பரி, சார்லி டி. வில்பரி ஜூனியர், லக்கி வில்பரி. பட்டம், விருது, முன்னாள் பெருமை எதுவும் இல்லை. ஒருவர் பாடும்போது மற்ற நால்வர் பின்பாட்டு. ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. 1990-ல் கிராமி விருதும் கிடைத்தது.

நம் வங்காளத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1971 ஆகஸ்டு 1-ம் தேதி ரவிசங்கரும் ஹாரிசனும் சேர்ந்து நியூயார்க்கில் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய கச்சேரியில் டிலன் வந்து பாடினார். வில்பரீஸுக்கு டிரம்ஸ் வாசித்த ஜிம் கெல்ட்னர் அந்த மேடையிலும் வாசித்தவர்.

1988 அக்டோபரில் ஆல்பம் வெளிவந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை; டிசம்பர் 6-ம் தேதி ராய் ஆர்பிசன் மாரடைப்பில் காலமானார். வயது 52. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எண்ட் ஆஃப் தி லைன்'. ரயில்வேக்காரன் காதில் இது 'தடத்தின் முடிவு' என்று விழும். அந்தப் பாட்டுக்கான படத்தை அவர் இறந்த பிறகுதான் எடுத்தார்கள். ஓடும் ரயில் பெட்டிக்குள் நால்வர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆர்பிசன் குரல் வரும் இடத்தில் ஆடும் நாற்காலி ஒன்றையும், அதன் மேல் சாத்தி வைத்த கிதாரையும், அவர் புகைப்படத்தையும் காட்டுகிறார்கள். ஆள் இல்லை, குரல் இருக்கிறது. இசைத்தட்டு என்ற பொருள் எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கறுப்பு ஏன்? வண்ணம் எப்படி?

இனி கொஞ்சம் தொழில் பேச்சு. பணிமனையில் காலம் கழித்தவனுக்கு அது இல்லாமல் கட்டுரை முடியாது.

முதலில் ஒரு கணக்கு. லாங் பிளே தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். இந்த ஆல்பம் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 36 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் என்றால் 600 சுற்று. சராசரிச் சுற்றளவு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஊசி ஓடும் பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய 390 மீட்டர். பதினேழு, பதினெட்டுப் பெட்டிகள் கோத்த எக்ஸ்பிரஸ் வண்டியின் நீளம்! அந்தப் பள்ளத்தின் அகலமோ ஒரு தலைமுடி அளவு. வெளி ஓரத்தில் ஊசியின் அடியில் தட்டு வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே போகப் போக அந்த வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே பாட்டை அங்கே குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால்தான் மையத்தை ஒட்டிய கடைசிப் பாட்டில் தேய்மானமும் தூசியும் முதலில் தெரியும்.

தட்டு செய்யும் முறை இதுதான். மென்மையான அரக்குச்சாயம் பூசிய வட்டில் பாட்டைப் பள்ளமாக வெட்டுவார்கள். அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் கட்டிப் பிரித்தால் கிடைப்பது 'தந்தை'. அதிலிருந்து 'தாய்'. தாயிலிருந்து அழுத்தும் அச்சு. தொழிலில் உண்மையாகவே இப்படித்தான் பெயர். சூடேறி இளகிய வினைல் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து, நூறு டன் அளவு விசையில் அழுத்தி, நீராவியால் சூடாக்கி, உடனே தண்ணீர் விட்டுக் குளிரச் செய்தால் அரை நிமிடத்தில் தட்டு தயார். அச்சுத்தண்டில் சக்கரம் ஏற்றும் பிரஸ் பக்கத்தில் நின்றவனுக்கு அந்த நூறு டன்னின் கனம் தெரியும். அங்கே எஃகுச் சக்கரம். இங்கே தலைமுடி அகலப் பள்ளம்.

வினைலுக்கு இயல்பாகக் கறுப்பு நிறம் கிடையாது. மிகச் சிறிதளவு கரித்தூள் கலப்பதால் வரும் நிறம் அது. கரித்தூள் மலிவு, ஒரே சீராகக் கலக்கும், பழைய தட்டு உடைத்த தூளைச் சேர்த்திருந்தாலும் வெளியே தெரியாது. நிலைமின்சாரம் குறைந்து தூசி ஒட்டாது என்றும் சொல்வதுண்டு. சேர்க்கும் அளவு மிகக் குறைவு என்பதால் அதைப் பெரிய குணமாக எண்ண வேண்டாம்.

வண்ணத் தட்டு இன்றைய கண்டுபிடிப்பும் அல்ல. 1949-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 45 சுற்றுத் தட்டை அறிமுகம் செய்தபோது, இசை வகைக்கு ஒரு நிறம் என்று ஏழு நிறங்களில் வெளியிட்டது. குழந்தைகள் பாட்டுக்கு மஞ்சள், நாட்டுப்புற இசைக்குப் பச்சை, சாஸ்திரிய சங்கீதத்துக்குச் சிவப்பு. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டார்கள். ஏழு நிறக் குவியலைத் தனித்தனியாகக் காப்பதைவிட ஒரே நிறம் சுலபம். ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வண்ணம் சேர்த்தால் ஒலி கெடுமா என்றால், நல்ல மூலப்பொருளும் சுத்தமான பிரஸ்ஸும் இருந்தால் ஒற்றை நிறத் தட்டு கறுப்புக்குக் குறைந்ததல்ல. ஆனால் படம் பதித்த தட்டு வேறு ஜாதி. நடுவில் ஒரு வட்டு, அதன் மேல் அச்சிட்ட படம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாள். பள்ளம் அந்தத் தாளில்தான் விழுகிறது. கெட்டியான வினைலைப் போல் அது அமைதியாக இருக்காது. ஊசியை வைத்தவுடன் பாட்டுக்குப் பின்னால் தூரத்தில் மழை தூறுவது போல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இதை என் மகனிடம் சொன்னேன். "தெரியும்ப்பா. இது கேட்கிறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு" என்றான். தட்டு அவன் வீட்டுக் கூடத்தில் சட்டத்துக்குள் சுவரில் இருக்கிறது.

மறுபதிப்பின் அருமை

சுவரில் மாட்டுவதற்கா இத்தனை செலவு என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஆல்பத்தோடு எனக்கு இருந்த பழைய பழக்கத்தை நினைத்தால் அப்படிச் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை.

கரக்பூரில் என் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் இருந்தார். டீசல் என்ஜின் டிரைவர். அவருடைய அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய காசெட்டாக இந்த ஆல்பம் எங்கள் தெருவுக்கு 1989-ல் வந்தது. நண்பர் ஹவுரா வண்டியை விட்டுவிட்டு வந்த களைப்போடு திண்ணையில் உட்கார்ந்து அதைப் போடுவார். என் மனைவி அடை கொடுத்தனுப்புவாள். அங்கிருந்து கேக் வரும். அவர் வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா போய்விட, 1996-ல் அவரும் கிளம்பினார். போகும்போது அந்தக் காசெட்டை என் கையில் கொடுத்தார். மூன்று மழைக்காலம் தாங்கியது. பிறகு நாடாவில் பூஞ்சை பிடித்து, டேப்ரிக்கார்டருக்குள் சிக்கி அறுந்தது.

வேறொன்று வாங்கலாம் என்று ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டின் பழைய தட்டுக் கடைகளில் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் மட்டும் இல்லை என்று நினைத்தேன். உலகத்திலேயே அச்சில் இல்லை என்று பிறகு தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஆல்பத்தை யாரும் அழுத்தவில்லை. ஐந்து உலகப் புகழ்க் கலைஞர்கள், கிராமி விருது, லட்சக்கணக்கில் விற்பனை, இத்தனையும் இருந்தும் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. 2001 நவம்பரில் ஹாரிசனும் காலமானார். கடைசியில் 2007-ல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து மறுபதிப்பு வெளியிட்டபோது பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதல் இடத்துக்கே நேராகப் போயிற்று. அந்தப் பத்து வருஷமும் கேட்பவர்கள் காத்திருந்தார்கள் என்றுதானே பொருள்? அதைக் கையில் வாங்கிய அன்று என் நண்பர் உயிரோடு இல்லை. பெர்த் நகரில் காலமானதாக முந்தின வருஷமே கடிதம் வந்திருந்தது.

ஆகவே மறுபதிப்பு என்பதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. நிறம் சட்டை மாதிரி. வருஷத்துக்கு ஒன்று மாற்றிக்கொள்ளட்டும். யாரோ ஒருவர் பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்து, துடைத்து, மறுபடி வெட்டி, மறுபடி அழுத்தியிருக்கிறார் என்பதுதான் அதற்குள் இருக்கும் உடம்பு.

நம் வீட்டுப் பரணில்

இப்போது என் மனத்தை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். புகழின் உச்சியில் இருந்தவர்களின் ஆல்பமே பத்து வருஷம் காணாமல் போகும் என்றால், நம்முடைய தட்டுகளின் கதி என்ன?

இந்தியாவில் கிராமபோன் தட்டு செய்யும் தொழிற்சாலை 1908-ல் இதே கொல்கத்தாவில், சியால்தாவில் தொடங்கியது. பிறகு டம்டமுக்கு மாறியது. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுக்கு முக்கியப் பொருளான அரக்கு, ராஞ்சி, புருலியா பக்கத்துக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டும் அரக்குதான். சென்னையில் பாடியதை டம்டமில் அழுத்தி, மறுபடி தமிழ்நாட்டுக்கே ரயிலில் அனுப்பினார்கள். மதுரையிலும் தஞ்சாவூரிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் சுழன்ற எத்தனையோ தமிழ்த் தட்டுகளுக்குப் பிறந்த ஊர் நமக்குப் பக்கத்து ஊர். அவற்றில் மறுபதிப்பு கண்டவை பிரபலமான சினிமாப் பாட்டுகளும் பெரிய வித்வான்களின் சில கச்சேரிகளும்தான். நாடகப் பாட்டு, நகைச்சுவைத் தட்டு, பேர் தெரியாத பாடகிகளின் பக்திப் பாட்டு, நாதஸ்வரம் ஆகியவற்றில் பலவற்றை யாரும் மறுபடி அழுத்தப் போவதில்லை. வண்ணத்திலும் இல்லை, கறுப்பிலும் இல்லை.

அவை இருக்கும் இடம் நம் வீட்டுப் பரண். லேக் மார்க்கெட் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போதும், பெற்றோர் காலமான பின் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து நான்கு நாள் லீவில் வந்து வீட்டைக் காலி செய்யும்போதும், முதலில் காகிதக்காரனுக்குப் போவது இந்தத் தட்டுகள்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லி வைத்தால்தானே அவர்களுக்குத் தெரியும்?

அதனால் அன்பர்களுக்குச் சில யோசனைகள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படும் ஜன்னல், அடுப்பங்கரைச் சுவர், மூடிய கார் மூன்றும் ஆகாது. வினைல் சூட்டில் கோணிக்கொள்ளும். துடைப்பதானால் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். கனமான 78 தட்டின் மேல் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும், பாட்டும் கூடவே போய்விடும். லாங் பிளே ஊசியை 78-ல் வைக்காதீர்கள். அதற்குத் தடித்த ஊசி தனியாக உண்டு.

மிக முக்கியமாக, வீட்டில் உள்ள தட்டுகளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். பாடியவர், பாட்டு, சீட்டில் உள்ள எண், இது போதும். யார் வாங்கியது, எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று தெரிந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிதான் பிள்ளைகளின் கையைத் தடுக்கும்.

என்னிடம் இரண்டு வகை ஊசியும் உள்ள பிளேயர் ஒன்றும், பாட்டைக் கணினியில் ஏற்றும் கருவி ஒன்றும் இருக்கின்றன. ரிட்டையர் ஆனவனுக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில் உட்காரச் செயலாளர் இடம் கொடுத்திருக்கிறார். தட்டு கொண்டு வருபவர்கள் கூடவே உட்கார்ந்து கேட்கலாம். தட்டை அப்போதே திருப்பி எடுத்துப் போகலாம். ஒலிப்பிரதி ஒன்று உங்களுக்கு, ஒன்று நூலகத்துக்கு. கொண்டு வரும்போது மட்டும், பார்சல் ஆபீஸ் வாசகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பத்திரமாகக் கையாளவும்.